அழகேசனுக்கு நூற்றொரு தேங்காய்

ருக்குமணி கதை எழுதத் தொடங்கியது புகழுக்காக இல்லை, பொழுது போகாமலும் இல்லை. தன் புருஷனை ஊரார் காறித் துப்ப வேண்டும். அந்த ஒரே ஆசைதான்.

புருஷன் பெயர் தங்கராஜு. பார்க்க லட்சணமானவன், பல்வரிசை நன்றாக இருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, "பாசாருக்குப் போய் மீன் வாங்கியாறேன்" என்று கூடையை எடுத்துக்கொண்டு போனவன், கூடையோடு அக்கரையிலிருக்கும் மெடானுக்குக் கப்பலேறிவிட்டான். பினாங்கு சூலியா தெருவில் புருஷன் கம்பி நீட்டுவது ஒன்றும் அதிசயமில்லை. தெரு இரண்டு வாரம் பேசியது, மூன்றாம் வாரம் வேறு யாரோ ஓடிப்போனார்கள், அந்தப் பேச்சு வந்துவிட்டது. ருக்குமணியும் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுத் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

மீன்கூடைச் சங்கதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத் தெரியாத சங்கதி இன்னொன்றும் உண்டு. அவன் போன ஏழாம் மாதம் மெடானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல், 'காலஞ்சென்ற ருக்குமணி அம்மாளின் உறவினர்களுக்கு' என்று எழுதியிருந்தது. காலஞ்சென்ற ருக்குமணி அம்மாளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே யாரோ முன்பின் தெரியாத நல்ல மனுஷர் அழுது எழுதியிருந்தார். அதிலிருந்து விஷயம் விளங்கிற்று. தங்கராஜு அங்கே ஒரு பெண்ணைக் கட்டப் பார்த்திருக்கிறான். பெண்ணின் தகப்பனார் கெட்டிக்காரர், முதல் தாரம் என்ன ஆனாள் என்று கேட்டிருக்கிறார். காலராவில் போய்விட்டாள் என்றிருக்கிறான் இவன். சொன்னதோடு நிறுத்தினானா? அவர் சந்தேகம் தீர வேண்டும் என்பதற்காகப் பண்டாரத்தை வரவழைத்து, மீசையை எடுத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, முறை தவறாமல் கருமாதியே செய்துவிட்டான். வடை பாயசத்தோடு. அந்த வடையைத் தின்றவர்களில் ஒருவர்தான் மனம் கேட்காமல் அனுதாபம் எழுதிப் போட்டவர்.

அந்தக் கடிதத்தை ருக்குமணி மெஷின் பெட்டிக்குள் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். ஒருவரிடமும் காட்டவில்லை. காட்டினால் முதலில் 'அடப்பாவி' என்பார்கள், அடுத்த நிமிஷம் சிரித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். செத்தவள் என்று சொல்லப்பட்டதைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் குடியிருந்தது மாடியில். எதிர்ப்பக்கம் சீனி முகம்மதுவின் தேத்தண்ணிக் கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கடை வேறு கடையாகிவிடும். அன்றைக்குத்தான் 'தீவுத் தூதன்' வாரப் பத்திரிகை வரும். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் பெஞ்சை நிறைத்து உட்கார்ந்துகொள்வார்கள். பாதிப் பேருக்கு மேல் எழுத்துத் தெரியாது. சீனி முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை உரக்கப் படிப்பார். பெரிய குரல், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும். நடுவில் யார் வேண்டுமானாலும் மறித்து அபிப்பிராயம் சொல்லலாம். அது அந்தக் கடையின் சட்டம்.

ஜன்னலோரம் தைத்துக்கொண்டே கேட்டு வந்த ருக்குமணிக்கு, ஊர் முழுவதும் கேட்க ஒருவனைத் திட்ட வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் கிடையாது என்று ஒருநாள் தோன்றியது. அப்போது முப்பத்து நாலாம் வருஷம், மழைக்காலம்.

முதலில் ஒரு அபலைப் பெண் தன் சோகத்தைச் சொல்வதுபோல் எழுதினாள். தலைப்பிலேயே இரண்டு துளிக் கண்ணீர் இருந்தது. 'தண்ணீர்மலைதாசன்' என்று ஆண்பிள்ளைப் பெயர் போட்டு, பத்திரிகை ஆசிரியர் இஸ்மாயிலிடம் கொடுத்தாள். இஸ்மாயில் இளவயதுக்காரர், யார் எழுதியது என்று வெளியில் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். மூன்று வாரம் வந்தது. மூன்றாம் வாரம் சீனி முகம்மது பாதி படிக்கும்போதே துறைமுகத்து ராமசாமி கொட்டாவி விட்டான். மூட்டைக்காரர்களுக்கு மேஸ்திரி அவன், கொட்டாவியும் அதற்கேற்ற அளவு. "இந்தப் பொம்பளை அழுதுகிட்டே இருக்குதுலா அண்ணே. விளம்பரத்தைப் படிங்க, தைல விளம்பரம் நல்லா இருக்கும்" என்றான்.

மறுநாள் இஸ்மாயிலும் தலையைச் சொறிந்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அழுகை கொஞ்சம் ஜாஸ்தி."

ருக்குமணிக்கு வந்த ஆத்திரத்தில் அன்று இரண்டு ஊசி உடைந்தது. சரி, இவள் பேசினால் தூக்கம் வருகிறதா உங்களுக்கு? அவனையே பேசவிடுகிறேன். அவன் செய்த அக்கிரமத்தை அவன் வாயாலேயே கேளுங்கள், கேட்டுவிட்டுத் துப்புங்கள் என்று புதிதாக உட்கார்ந்தாள். 'அழகேசனாகிய நான்' பிறந்தது அப்படித்தான்.

அடுத்த சனிக்கிழமை சீனி முகம்மது படித்தார்: "'என் பெயர் அழகேசன். நான் நல்லவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களிடமும் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.'"

கடை குபீரென்று சிரித்தது. ருக்குமணி ஜன்னலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிரிக்கட்டும், முதல் வாரம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் அழகேசன் பக்கத்து வீட்டுச் சேவலைத் திருடித் தின்றுவிட்டு, அதைத் தேடப் போனவர்களுக்கு முன்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு போனான். ராமசாமி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. மூன்றாம் வாரம் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று ஊரில் வாங்கிய கஞ்சியைத் தானே குடித்தான். "பசி எடுத்தவன் என்ன செய்வான்" என்று யாரோ பரிந்து பேசினார்கள். ருக்குமணி பல்லைக் கடித்துக்கொண்டு அவனை இன்னும் கெட்டவனாக்கினாள். அவன் கெடக் கெட, கடைக்கு வரும் கூட்டம் பெருகியது. பெஞ்சு போதாமல் சீனி முகம்மது சாக்கு விரித்தார்.

அழகேசன் மீன் வாங்கப் போவதாகச் சொல்லிக் கூடையோடு கப்பலேறிய வாரம், ருக்குமணி தையலை ஓரமாக வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். இன்றைக்கு மாட்டிக்கொண்டான் என்று அவளுக்கு நிச்சயம். படித்து முடிந்தது. அப்புறம் ராமசாமி தொண்டையைக் கனைத்தான். "கூடையை ஏன் அண்ணே எடுத்துட்டுப் போனான்? வழியில வீசியிருக்கலாம்ல? வீட்டு ஞாபகத்துக்குத்தான் எடுத்துட்டுப் போயிருக்கான். காசியான்லா!"

காசியான் என்பது பாவம் என்பதற்கு மலாய்க்காரர் வார்த்தை. அந்தத் தெருவில் நாய்க்குட்டி நனைந்தாலும் காசியான், கப்பல் கவிழ்ந்தாலும் காசியான். அன்றைக்குக் கடை முழுக்க அதைத்தான் சொன்னது. யாருக்கு? கூடைக்காரனுக்கு. அடுப்பில் உலை வைத்துவிட்டு மீனுக்குக் காத்திருந்தவளைப் பற்றி ஒருவர் மூச்சுவிடவில்லை.

கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். கருமாதியை எழுதினாள். நடந்தது நடந்தபடி, மீசை எடுத்ததிலிருந்து வடைவரை. இதற்கும் இரங்குவதற்கு மனுஷனால் முடியாது என்று நம்பினாள்.

அன்றைக்குக் கடையில் சுப்பையாவும் இருந்தார். மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கிறவர், சாங்கியம் சம்பிரதாயம் என்றால் உயிரை விடுகிறவர். அவராவது பொங்குவார் என்று அவள் எதிர்பார்த்தாள். வடையில் உப்பு ஜாஸ்தி என்று அழகேசன் குறைசொன்ன இடத்தில் சுப்பையாவே சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, "உயிரோட இருக்கிறவளுக்குக் கருமாதி செய்யிற அளவுக்கு ஒருத்தன் மனசு வெறுத்துப் போயிருக்கான்னா, அந்தப் பொம்பளை என்ன பாடு படுத்தினாளோ" என்றார்.

ருக்குமணி ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய சத்தத்தில் எதிர்க்கடையே திரும்பிப் பார்த்தது.

அந்த வாரமே அழகேசனுக்கு விஷக்காய்ச்சல் வரவழைத்துப் படுக்கையில் போட்டாள். சாகட்டும் என்றுதான். ஆனால் காய்ச்சலில் அவன் உளறிய உளறல் அத்தனை வேடிக்கையாக வந்துவிட்டது. எழுதும்போது அவளே இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அவளுக்கும் அவனைப் பிடித்துப்போயிருந்தது. மத்தியானத்தில் மெஷினை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தால் அவன் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வான், பேசுவான். எழுதி முடித்த நாட்களில் வீடு வெறிச்சென்று இருந்தது. தான் தேடுவது அழகேசனையா தங்கராஜுவையா என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்கப் பயம்.

இதற்குள் தைப்பூசம் வந்தது. தேர் சூலியா தெருப்பக்கம் வரும்போது ஜனங்கள் ரோட்டில் தேங்காய் உடைப்பது வழக்கம். பிள்ளை பிழைக்க, வேலை கிடைக்க, வழக்கு ஜெயிக்க என்று ஆளுக்கொரு வேண்டுதல். அந்த வருஷம் ராமசாமி தன் ஆட்களோடு சேர்ந்து நூற்றொரு தேங்காயைக் குவித்து வைத்திருந்தான்.

"யார் பேருக்குப்பா?" என்று கேட்டார் தேருக்கு முன்னால் வந்த சுப்பையா.

"அழகேசன் பேருக்கு. மெடான்ல காய்ச்சலாப் படுத்திருக்காரு" என்றான் ராமசாமி, கண்ணில் தண்ணியோடு.

சுப்பையா சிரிக்கவில்லை. தானும் ஒரு தேங்காய் எடுத்து உடைத்தார். ருக்குமணி கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய்த் தண்ணீர் ஓடிவந்து அவள் காலை நனைத்தது. தனக்கு எள்ளும் தண்ணீரும், அவனுக்கு நூற்றொரு தேங்காயா என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேறு வழியில்லாமல் அந்த வாரம் அழகேசனைப் பிழைக்கவைத்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் தங்கராஜு வந்தான்.

நாலரை மணி இருக்கும். படிப்பதற்கு இன்னும் நேரமிருந்தது. பட்டுச் சட்டையும் தகரப்பெட்டியுமாக ஒருவன் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைவதை ருக்குமணி ஜன்னலிலிருந்து பார்த்தாள். நடையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் மெஷினின் மிதிகட்டையில் அப்படியே நின்றுபோயிற்று.

அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய சத்தம் எழுந்தது. ராமசாமி அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். யாரோ ஓடிப்போய் சுப்பையாவை அழைத்துவந்தார்கள், அவர் கையோடு ரோஜா மாலை கொண்டுவந்து போட்டார். பிறகு கூட்டம் தெருவைக் கடந்து நேரே அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. முன்னால் சுப்பையா, சீனி முகம்மது, ராமசாமி. பின்னால், மாலையும் கழுத்துமாகத் தங்கராஜு.

ருக்குமணி மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள்.

"தங்கச்சி" என்று ஆரம்பித்தார் சீனி முகம்மது. அவர் குரல் என்றைக்கும் இல்லாமல் கம்மியிருந்தது. "நம்ம தங்கராஜு வந்திருக்கான். அவன்தாம்மா அழகேசன். தண்ணீர்மலைதாசன்னு பேரை மாத்திக்கிட்டு மெடான்லேர்ந்து எழுதி அனுப்பினதெல்லாம் இவன்தான். தன் பாவத்தையெல்லாம் ஒண்ணுவிடாம ஊருக்கு முன்னால ஒத்துக்கிட்டிருக்கான்."

"அவன் கதையில வர்ற பொண்டாட்டி நீதான்னு எங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார் சுப்பையா. "நடந்தது நடந்துபோச்சு. தப்பு செய்யிறவன் ஆயிரம் பேர். அதை இப்படி எழுதி ஒத்துக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? சேர்த்துக்கம்மா."

"அக்கா, மறுக்காதீங்க அக்கா" என்றான் ராமசாமி.

இவர்கள் எல்லாரும் நல்லவர்கள். இவர்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் ருக்குமணி ரவிக்கை தைக்கிறாள். வேண்டாம் என்றால் நாளைக்குக் கல்நெஞ்சக்காரி என்பார்கள், ஒருத்தியும் படியேறமாட்டாள். சரி என்றாலோ, இவன் மேலே வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் எழுதியதற்கு மாலை வாங்கிக்கொண்டிருப்பான். வீட்டைக் கேட்டு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கதையையும் அல்லவா கேட்கிறான்!

தங்கராஜு முன்னால் வந்தான். "ருக்கு" என்றான். "உன்னை விட்டுப் போன அன்றைக்குத்தான், வீடு என்பது சுவர் அல்ல என்று எனக்குத் தெரிந்தது."

அச்சுத் தமிழில் பேசினான் பாவி. அது ஆறாம் வாரம் வந்த வரி. ஒரு மத்தியானம் சோறு பொங்கி அடுப்பில் வழிவதையும் கவனியாமல் அவள் எழுதிய வரி. எழுதும்போது அழுதிருக்கிறாள், ஏனென்றால் ஐந்து வருஷமாக யாராவது அதைத் தன்னிடம் வந்து சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாள். இப்போது வந்து சொல்லியே விட்டான். ஒரு கணம் அவள் கை படியின் கம்பியைப் பிடித்தது. மேலே வாங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தங்கராஜு அடுத்த வரியைச் சொல்ல வாயெடுத்தான். மறந்துபோயிற்று. "வந்து... சுவர் அல்ல... அதனால..." என்று அசடு வழிந்தான்.

அந்த இடத்தில் ருக்குமணிக்குப் புத்தி தெளிந்தது. அழகேசனுக்கு என்றைக்கும் வார்த்தை முட்டியதில்லை. முட்டாத அந்தப் பேச்சு இந்த ஆளுடையதே இல்லை. ஆறு வருஷம் கூட வாழ்ந்ததில் இவன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அவளைச் சிரிக்கவைத்ததும், அவளுக்குத் துணையிருந்ததும் அவள் பேச்சேதான்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள். "எழுதுறவரே வந்துட்டாரு. அடுத்த வாரம் அழகேசன் என்ன செய்யிறான்னு இவங்களுக்குச் சொல்லுங்களேன், கேப்போம்."

கூட்டத்துக்கு ஆவல் தாங்கவில்லை. "சொல்லுங்க, சொல்லுங்க!" என்றான் ராமசாமி.

"அடுத்த வாரமா?" தங்கராஜு எச்சில் விழுங்கினான். "அடுத்த வாரம் அழகேசன் பொண்டாட்டி கால்ல வந்து விழுறான். அவளும் மன்னிச்சுர்றா. சுபம்."

ருக்குமணி மாடிக்கு ஏறிப் போனாள். திங்கட்கிழமை இஸ்மாயிலிடம் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த தாள்களை எடுத்துவந்து சீனி முகம்மதுவிடம் நீட்டினாள். "படிங்க அண்ணே. கடையில படிக்கிற மாதிரி, சத்தமா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது உன் கையெழுத்தும்மா. ரவிக்கை அளவுச் சீட்டுல இருக்குமே, அதே எழுத்து."

"ஆமாண்ணே. படிங்க."

சீனி முகம்மது படித்தார்:

"'நான் பினாங்குக்குத் திரும்புகிறேன். மனம் திருந்திவிட்டேன் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். இரண்டாவது மாமனார் என்னைப் புரிந்துகொண்டுவிட்டார், அவ்வளவுதான். பினாங்கில் எனக்கு ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் நேரே போனால் துடைப்பக்கட்டை கிடைக்கும். ஆகவே முதலில் தேத்தண்ணிக் கடைக்குப் போவேன். அங்கே நாலு நல்ல மனுஷர் இருப்பார்கள். நாட்டில் நல்ல மனுஷர்கள் இருக்கிறவரை என்னைப் போன்றவனுக்கு ஒரு குறையும் வராது. அவர்களை முன்னால் விட்டுப் பின்னால் போவேன். முன்பும் மூன்று தடவை இப்படித்தான் போனேன்.'"

சுப்பையா பக்கத்தில் நின்ற தங்கராஜுவைத் திரும்பிப் பார்த்தார். சீனி முகம்மதுவின் குரலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய கணீர் ஏறியது.

"'சட்டை நல்லதாக இருக்க வேண்டும், செருப்பு கிழிந்திருக்க வேண்டும். வசதியாக வாழ்ந்தும் மனசு சரியில்லை என்று பொருள். அப்புறம் அழுவேன். அழுகை எனக்குச் சரளமாக வரும். இடது கண்ணில்தான் முதலில் வரும், வலது கண் சோம்பேறி. அது வருவதற்குள் யாராவது என் தோளில் கை போட்டுவிடுவார்கள்.'"

எல்லாரும் முதலில் தங்கராஜுவின் காலைப் பார்த்தார்கள். செருப்பு கிழிந்திருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தார்கள். இடது கண்ணிலிருந்து கண்ணீர் கன்னம்வரை இறங்கியிருந்தது, வலது கண் சுத்தமாக உலர்ந்திருந்தது. அவன் தோளில் கிடந்த தன் கையைச் சுப்பையா மெதுவாக எடுத்துக்கொண்டார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தெருவே சிரித்தது. தங்கராஜு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "நீயா ருக்கு எழுதினே? எனக்கு... எனக்கு மெடான்ல ஒருத்தரு பேப்பரைக் காட்டினாரு. நம்ம கதை மாதிரியே இருக்குதேன்னு..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

சுப்பையா சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது. "இரும்மா. அப்படின்னா அந்தக் கருமாதி?" என்றார். "அது கதைதானே?"

ருக்குமணி மெஷின் பெட்டியிலிருந்து தாள்களோடு எடுத்துவந்திருந்த பழைய உறையைச் சீனி முகம்மதுவிடம் கொடுத்தாள். அவர் மேல்விலாசத்தை உரக்கப் படித்தார். "'காலஞ்சென்ற ருக்குமணி அம்மாளின்...'" அதற்குமேல் அவருக்குப் படிக்க வரவில்லை. தெருவில் சிரிப்பு அடங்கிப்போயிற்று.

"வடை பாயசத்தோட செஞ்சாங்களாம்" என்றாள் ருக்குமணி. "சுப்பையாண்ணே, சாங்கியம் தெரிஞ்சவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க. கருமாதி முடிஞ்சு எள்ளும் தண்ணியும் விட்டப்புறம், செத்தவளைத் தேடி எந்த ஊர்ல புருஷன் வருவான்? நான் இவருக்கு யாரு?"

"யாரும் இல்லேம்மா" என்றார் சுப்பையா. "முறைப்படி முடிஞ்சுபோச்சு." சொல்லிவிட்டுத் தங்கராஜுவின் கழுத்திலிருந்த மாலையைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டார்.

தங்கராஜு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகப்பக்கம் நடந்தான். யாரும் ஒரு கை பிடிக்கவில்லை. கிழிந்த செருப்பு சப்பு சப்பு என்று அடித்துக்கொண்டது. ருக்குமணிக்கு அதைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகும் ராமசாமி மட்டும் படிக்குக் கீழே நின்றான். அத்தனை பெரிய ஆள், துண்டை முறுக்கிக்கொண்டு நெளிந்தான்.

"என்ன ராமசாமி?"

"அக்கா, இந்த ஆளு எப்படியோ போகட்டும். அழகேசனை மட்டும் ஒண்ணும் செஞ்சுராதீங்க அக்கா. நூத்தியொரு தேங்காக்கா."

ருக்குமணி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஏம்ப்பா, இவ்வளவு நேரம் எதைப் பார்த்தே? அவன்தானே இவன்!"

"அது எப்படிக்கா அவனும் இவனும் ஒண்ணாகும்? இந்த ஆளு வந்த உடனேயே நம்மகிட்ட பொய் சொன்னான். அழகேசன் ஊர்ல எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கான், நம்மகிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே."

அவளுக்கு இத்தனை மாதம் ஜன்னலில் உட்கார்ந்து அவர்களை முட்டாள்கள் என்று திட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. "அப்போ அவன் பொண்டாட்டி?" என்று கேட்டாள். "அவளைப் பத்தி ஒருநாளாவது நினைச்சியா?"

ராமசாமி உண்மையாகவே யோசித்தான். "அவ எங்ககிட்ட ஒண்ணும் பேசலையேக்கா" என்றான்.

பேசினாளே, மூன்று வாரம் பேசினாளே, நீ கொட்டாவி விட்டாயே என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. அந்த மூன்று வாரமும் பேசியது அவள் இல்லை, கண்ணீர்தான் என்று இப்போது தெரிந்தது. நல்ல பேச்சையெல்லாம் அழகேசனுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு வார்த்தையும் வைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை தேத்தண்ணிக் கடையில் நிற்க இடமில்லை. அழகேசனின் பக்கத்தைத் தேடிப் புரட்டிய சீனி முகம்மது, தண்ணீர்மலைதாசன் என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பெயர் இருப்பதைக் கண்டு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய ஆண்குரலில் படித்தார்:

"'என் பெயர் ருக்குமணி. மெடானில் எனக்குக் கருமாதி நடந்த அன்று, பினாங்கில் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். செத்துப்போனவளுக்குச் சொல்லக்கூடாதுதான், அன்றைக்குக் குழம்பு நன்றாக வந்தது.'"

கடை அதிரச் சிரித்தது. ருக்குமணி ஐந்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அதுதான். ராமசாமியும் தொடையில் தட்டிச் சிரித்தான், சிரித்தபடியே திடீரென்று நிறுத்தி, இரண்டு கண்ணையும் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "மேல படிங்க அண்ணே" என்றான். "யாரும் குறுக்கே பேசாதீங்கலா, அக்கா சொல்லட்டும்."

ஜன்னலில் ருக்குமணி கையிலிருந்த தையலைக் கீழே வைத்தாள்.